டேஷ்போர்டில் பெயர் இல்லாத ஆறு சுவிட்சுகள்

போன தை மாதம் ஒட்டன்சத்திரத்தில் ஒரு பழைய டாடா 207 பிக்கப் வாங்கினோம். 2003 மாடல், மூன்று கை மாறிய வண்டி. தோட்டத்து முருங்கையையும் கத்திரியையும் மார்க்கெட்டுக்கு ஏற்றத்தான். இன்ஜின் சத்தம் சுத்தமாக இருந்தது, சேஸிஸில் துரு இல்லை, விலையும் படிந்தது. வீட்டு வாசலில் நிறுத்திய பிறகுதான் டேஷ்போர்டை நிதானமாகப் பார்த்தேன். வரிசையாக ஆறு சுவிட்சுகள். எழுத்தும் இல்லை, படமும் இல்லை. விற்றவரிடம் கேட்டேன். "நான் வாங்கும்போதே இருந்துச்சுண்ணே, அதையெல்லாம் நான் தொட்டதே இல்லை" என்றார்.

தம்பிதான் வண்டி ஓட்டுவான். எது என்னவென்று தெரிகிற வரை ஒன்றையும் தட்டாதே என்று அவனிடம் சொல்லிவிட்டேன். தட்டிப் பார்ப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். ஆனால் அந்த ஒயரின் மறுமுனை எங்கே கிடக்கிறது என்று தெரியாமல் அதில் கரண்ட் விடுவது, எண்ணெய் படிந்த பழைய இன்ஜின் அறையில் தீக்குச்சி கிழிப்பதற்குச் சமம்.

முதலில், கம்பெனி சுவிட்ச் எது, பிறகு வைத்தது எது என்று பிரித்துக்கொள்ளுங்கள். கம்பெனி சுவிட்ச் அதற்கென்று செய்த ஓட்டையில் கச்சிதமாக உட்கார்ந்திருக்கும். பின்னால் பிளாஸ்டிக் கப்ளர் இருக்கும், ஒவ்வொரு ஒயரும் ஒவ்வொரு நிறம். படம் தேய்ந்திருந்தால் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள், தடம் தெரியும். விளக்கிலிருந்து சாய்ந்து இறங்கும் கோடுகளை ஒரு நெளிகோடு வெட்டினால் முன் பனிவிளக்கு. கோடுகள் படுக்கையாக இருந்தால் பின் பனிவிளக்கு. சுருள் படம் போட்டிருந்தால் சில டீசல் வண்டிகளில், குளிரில் இன்ஜின் எடுக்க உதவும் ஹீட்டர் பிளக். பிறகு வைத்தது பார்த்தவுடனே தெரிந்துவிடும்: டிரில் போட்ட கோணல் ஓட்டை, எல்லாமே ஒரே நிற ஒயர், முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு. எங்கள் வண்டியில் ஆறும் அப்படித்தான்.

டேஷ்போர்டுக்குப் பின்னால் கைவிடும் முன் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிடுங்கள். பிளஸை முதலில் கழற்றப் போனால், ஸ்பேனர் பாடியில் பட்டதும் பொறி பறக்கும். பிறகு ஒவ்வொரு சுவிட்சுக்கும் மாஸ்கிங் டேப்பில் எண் எழுதி ஒட்டி, பின்னாலிருந்து வரும் ஒயர்களுக்கும் அதே எண்ணைப் போடுங்கள். போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒயர் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். அன்றைக்குக் கையில் எது இருந்ததோ அதைத்தான் இழுத்திருப்பார்கள்.

கருவி அதிகம் வேண்டாம். ஒரு மல்டிமீட்டர், 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்று, அதற்கு ஹோல்டர், இரண்டு ஒயர். தோட்டத்து பம்ப்செட் ஸ்டார்ட்டர் பெட்டியோடு மல்லுக்கட்டிய காலத்தில் கற்ற வித்தை இது. சுவிட்சுக்குப் போகும் லைனில் பியூஸைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பல்பைத் தொடராகக் கோர்த்துவிடுங்கள். பியூஸே இல்லையென்றால் (எங்கள் வண்டியில் மூன்று லைனில் இல்லை, நேராக பேட்டரியிலிருந்து இழுத்திருந்தார்கள்) சுவிட்சுக்கு வரும் லைனைக் கழற்றி இடையில் பல்பை வையுங்கள். மைனஸை மாட்டுங்கள். இப்போது தாராளமாகத் தட்டலாம். அந்தப் பக்கம் ஒயர் பாடியில் பட்டுக் கிடந்தாலும் பல்பு முழுசாக எரியுமே தவிர, சுமார் 1.75 ஆம்பியருக்கு மேல் போகாது. ஒயர் கருகாது.

பல்பு மங்கலாக எரிந்தால் மறுமுனையில் ஏதோ சின்ன லோடு, அதாவது கரண்ட் இழுக்கும் கருவி, இருக்கிறது. எரியவே இல்லையென்றால் ஒயர் அறுந்திருக்கலாம், லோடு இல்லாமல் இருக்கலாம், அல்லது வேறொரு நிலையில் மட்டும் வேலை செய்கிற சுவிட்சாக இருக்கலாம். முழுசாக எரிந்தால் உடனே ஷார்ட் என்று முடிவுகட்டாதீர்கள். இரண்டு 55 வாட் விளக்கு இருந்தாலும் அப்படித்தான் எரியும். விளக்கைக் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் எரிந்தால் ஷார்ட்தான்.

முதல் சுவிட்சில் அதுதான் நடந்தது. பல்பு பளீரென்று எரிந்தது. ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால் முன் பம்பர். ஒரு காலத்தில் பனிவிளக்கு இருந்திருக்கிறது. விளக்கை எடுத்தவர்கள் முனையில் டேப்பைச் சுற்றி அப்படியே விட்டிருக்கிறார்கள். டேப் இளகி, செம்பு பம்பரில் உரசிக்கொண்டிருந்தது. அந்த லைனிலும் பியூஸ் கிடையாது. பல்பில்லாமல் தட்டியிருந்தால் டேஷ்போர்டுக்குள்ளேயே ஒயர் பற்றியிருக்கும்.

இரண்டாவது கேபின் மின்விசிறி, மூன்றாவது ராத்திரி லோடு ஏற்றப் பின்பாடியில் போட்ட விளக்கு. இவற்றைச் சொல்ல அதிகம் இல்லை.

நான்காவதைத் தட்டினால் கிளிக் என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. அது ரிலே: சுவிட்சிலிருந்து வரும் சின்ன கரண்டை வைத்துப் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சின்னப் பெட்டி. பானெட்டைத் திறந்து ரிலேக்கள்மேல் ஒவ்வொன்றாக விரல் வைத்து, தம்பியைச் சுவிட்சைப் போடச் சொன்னால் எது துடிக்கிறது என்று விரலுக்குத் தெரியும். ரிலேயின் அடியில் எண்கள் இருக்கும்: 30 பேட்டரி லைன், 87 லோடுக்குப் போவது, 85, 86 ரிலேயை இழுக்கும் காயிலின் (கம்பிச்சுருள்) இரு முனைகள். துடிக்கிறது, 87-லும் 12 வோல்ட் வருகிறது என்றால் சுவிட்சிலும் ரிலேயிலும் குறையில்லை, அதற்கப்பால் தேடுங்கள். அப்படித் தேடியதில் கிடைத்தது வறண்டுபோன ஒரு பல்லிசை ஏர் ஹாரன். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 119-ஆம் விதி அந்த மாதிரி ஹாரனைத் தடை செய்கிறது. எஃப்சிக்கு (வண்டியின் தகுதிச் சான்றுக்கு) போகும் முன் அதைக் கழற்றிப் போட்டோம்.

ஐந்தும் ஆறும் எதற்குமே அசையவில்லை. இங்கேதான் பொறுமை வேண்டும். செத்த சுவிட்ச் என்று வெட்டிவிடாதீர்கள். சாவி இல்லாமல், சாவி போட்டு, பார்க் லைட்டில், ஹெட்லைட்டில், பிரேக் மிதித்து, ரிவர்ஸ் கியரில் என்று ஒவ்வொரு நிலையிலும் போட்டும் நிறுத்தியும் பார்த்து ஒரு தாளில் எழுதுங்கள். ரிவர்ஸ் கியர் போட்டதும் ஐந்தாவது பிடிபட்டது. பின்னால் எடுக்கும்போது கத்தும் பஸ்ஸரை ஊமையாக்க யாரோ வைத்தது. ஆளுக்கு எச்சரிக்கை தரும் கருவிக்கு அணைக்கும் சுவிட்ச் எதற்கு? அதை எடுத்துவிட்டு ஒயரை நேராக இணைத்துவிட்டேன்.

ஆறாவது இரண்டு நாள் அலைக்கழித்தது. இன்ஜின் ஓடும்போது போட்டாலும் நிறுத்தினாலும் ஒரு மாற்றமும் இல்லை. மறுநாள் அதிகாலை நான்கு மணிக்கு, மார்க்கெட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. பேட்டரி 12.6 வோல்ட் காட்டுகிறது, ஸ்டார்ட்டர் மூச்சு விடவில்லை. முந்தின நாள் சுவிட்சை எந்தப் பக்கம் விட்டோம் என்று தாளைப் பார்த்தேன். மாற்றிப் போட்டதும் ஒரே சாவியில் எடுத்துக்கொண்டது. சாவியிலிருந்து ஸ்டார்ட்டருக்குப் போகும் 50-ஆம் எண் ஒயரை இடையில் வெட்டி, திருட்டுக்குப் பயந்து முன்னாள் சொந்தக்காரர் யாரோ வைத்த பூட்டு அது. ஓடுகிற இன்ஜினை அது ஒன்றும் செய்யாது, அடுத்த முறை எடுக்க விடாது. அதனால், நிறுத்திவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்து பார்ப்பதையும் உங்கள் தாளில் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது எல்லா லைனிலும் பியூஸ் இருக்கிறது: விசிறிக்கும் பின்விளக்குக்கும் 10 ஆம்பியர் சிவப்பு. தேவையில்லாத ஒயர்களை பேட்டரிப் பக்கமே கழற்றிவிட்டேன், முனையில் டேப் சுற்றி விடவில்லை. விசிறிக்கும் விளக்குக்கும் தமிழில் பெயர் எழுதி ஒட்டியாயிற்று. ஸ்டார்ட்டர் சுவிட்சை வேறு இடத்துக்கு மாற்றி வைத்தேன். அதற்கு மட்டும் பெயர் எழுதவில்லை, தம்பிக்கும் எனக்கும் தெரியும்.