சோளத்துக்கு இன்னொரு கை யூரியா வீசும் முன்…

பழைய தேயிலை மலையைப் பிடுங்கிவிட்டுச் சோளம் போடுகிறவர்கள், இலை கொஞ்சம் மஞ்சளானதும் யூரியாப் பையைத்தான் தேடுவார்கள். நானும் இரண்டு போகம் அப்படித்தான் காசைக் கரைத்தேன்.

முதலில் மண்ணின் புளிப்பைப் பாருங்கள். தேயிலைக்கு பி.எச். (புளிப்பை அளக்கும் எண், குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.5 முதல் 5.5 வரை போதும், சோளத்துக்கோ 6-ஐ ஒட்டி இருந்தால்தான் நல்லது. புளிப்பு அதிகமானால் அலுமினியம் வேர் நுனியைக் கெடுக்கும், போட்ட டி.எஸ்.பி. என்ற பொஸ்பரஸ் பசளையையும் மண்ணே பிடித்து வைத்துக்கொள்ளும், அப்புறம் பொஸ்பரஸ் கிடைக்காமல் கன்றில் இலை ஊதா நிறமாகும் (கடுங்குளிரிலும் அப்படி ஆவதுண்டு, உடனே பதறாதீர்கள்). எட்டுப் பத்து இடத்தில் அரை அடி ஆழத்துக்கு மண் எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்தி, அதில் அரைக் கிலோவை விவசாயப் போதனாசிரியரிடம் கொடுத்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். எரு குவித்திருந்த இடத்து மண் வேண்டாம்.

அறிக்கை சொல்கிற அளவு டொலமைட்டை (புளிப்பைக் குறைக்கும் சுண்ணாம்புக்கல் தூள்), விதைப்புக்கு ஒரு மாதம் முன்பே தூவிக் கொத்திக் கலந்துவிடுங்கள். மக்னீசியமும் சேர்ந்தே கிடைக்கும். யூரியாவோடு சேர்த்துப் போட்டுவிடாதீர்கள், யூரியாவின் தழைச்சத்து (நைதரசன்) அமோனியாவாகப் பறந்துவிடும்.

2021-இல் இலங்கை அரசு இரசாயனப் பசளையை ஒரேயடியாக நிறுத்தியபோது கூட்டெரு மட்டும் போதும் என்றார்கள், போதவில்லை. அதற்காகக் கூட்டெருவே வேண்டாம் என்பதும் தப்பு. ரோட்டோரத்தில் சும்மா மண்டிக் கிடக்கும் காட்டுச் சூரியகாந்தியையும் கிளிரிசிடியாத் தழையையும் பூப்பதற்கு முன் வெட்டி மண்ணில் புதைத்தால் சீக்கிரம் மக்கும், யூரியாச் செலவும் குறையும்.

டி.எஸ்.பி., எம்.ஓ.பி. (பொட்டாசியப் பசளை), கொஞ்சம் யூரியா மூன்றும் அடிக்கட்டாக, அதாவது விதைக்கும்போதே, விதையில் படாமல் பக்கத்தில். மிச்ச யூரியா நாலு வாரத்தில், செடி முழங்கால் உயரம் வந்ததும். சரிவில் செடிக்கு மேல்பக்கமாக ஒரு சாண் தள்ளிச் சின்னக் குழியில் போட்டு மூடுங்கள். 50 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து 23 கிலோதான், அதையும் பெருமழைக்கு முந்தின நாள் மேலாக வீசினால் வடிகான் வழியே ஆற்றுக்குத்தான் போகும்.

அடி இலை நுனியிலிருந்து நடு நரம்போடு மஞ்சளானால் தழைச்சத்துக் குறை, ஓரம் கருகினால் பொட்டாசியம். அடுத்த போகம் சோளத்தையே போடாமல் போஞ்சி போடுங்கள்.

அறுத்த தட்டையை மட்டும் எரிக்காதீர்கள். பொட்டாசியம் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. சரிவுக்குக் குறுக்கே வரிசையாகப் பரப்பிவிட்டால் மண்ணும் கானுக்கு இறங்காது.