குதிரை வாய்க்கு எந்த ஸ்னாஃபிள்?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்ட லயத்தில் வளர்ந்தவன் நான். குதிரை லாயத்தைப் பார்த்தது ரொம்பப் பிற்பாடுதான். நண்பர் வாங்கிய குதிரை கடிவாளம் மாட்டினாலே தலையை உதறும். திமிர் என்றார்கள். வாயைப் பார்த்தால் உதட்டோரம் புண். கடிவாளத்தில் வாய்க்குள் போகும் இரும்பான ஸ்னாஃபிள் ஓர் அளவு சின்னது.

அதனால் முதலில் வாயை அளந்துவிடுங்கள். கயிற்றில் ஒரு முடிச்சுப் போட்டு, அதை ஒரு பக்க உதட்டோரம் நிறுத்தி, வாய்க்குள் குறுக்கே விட்டு மறுபக்கம் விரலால் பிடித்துக் குறித்துக்கொள்ளலாம். இரு பக்கமும் அரை சென்டிமீட்டர் இடம் இருந்தால் போதும். பல குதிரைகளுக்கு 5 அங்குலம், அதாவது 12.7 செ.மீ. சரியாக வரும். மட்டக்குதிரைக்கு அதைவிடக் குறையும்.

தடித்த இரும்பு மென்மையானது என்பார்கள். வாய் சின்னதாகவும் நாக்கு பருத்தும் இருந்தால் அதுவே தொல்லை. நடுவில் ஒரே மூட்டு உள்ள ஸ்னாஃபிள், கடிவாளத்தை இழுக்கும்போது பாக்குவெட்டி மாதிரி மடங்கும். அது பிடிக்காத குதிரைக்கு இரண்டு மூட்டு உள்ளதை மாட்டிப் பாருங்கள். இரும்பின் நுனியில் நழுவிச் சுழலும் தளர்வளையம் உதட்டைக் கிள்ளினால், அப்படி நழுவாத முட்டை வடிவ வளையத்துக்கு மாறலாம்.

மாட்டியதும் உதட்டோரம் ஒன்றிரண்டு சுருக்கம் விழ வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் உதறினால் கால்நடை மருத்துவரிடம் பல்லைக் காட்டுங்கள்.

அப்புறம், நம்மூர் வெயிலில் தொங்கிய இரும்பை அப்படியே வாயில் வைக்காதீர்கள். தண்ணீரில் முக்கி, கையில் தொட்டுப் பார்த்துவிட்டு மாட்டுங்கள். கழற்றியதும் எச்சில் காயுமுன் கழுவிவிடுங்கள்.