பி.பி.யூவில் குறைமாதப் பிள்ளை: பெற்றோர் விடுகிற பிழைகள்

37 கிழமை நிறைய முன் பிறந்தால் அது குறைமாதப் பிள்ளை. 32 கிழமைக்கும் முன் பிறந்திருந்தால், அல்லது நிறை 1500 கிராமுக்குக் குறைவாக இருந்தால், பிரசவ அறையிலிருந்து நேரே பி.பி.யூ எனப்படும் குறைமாதப் பிள்ளைகள் பிரிவுக்கோ தீவிர சிகிச்சைப் பிரிவுக்கோ கொண்டுபோய்விடுவார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வயர்களோடு கிடக்கிற பிள்ளையைக் கண்டதும் அநேகம் தாய்தகப்பனுக்கு ஒரே நினைப்புத்தான் வரும்: இனி டொக்டர்மார் பார்த்துக்கொள்வார்கள், நாங்கள் வெளியில் நின்று கும்பிடுவோம். கீழே சொல்லப்போகிற பிழைகளில் பாதிக்கு மேல் இந்த நினைப்பில்தான் தொடங்குகின்றன. மெஷின் மூச்சுக்குத் துணை செய்யும். தாயின் பாலையும் நெஞ்சுச் சூட்டையும் அது தராது. குறைமாதப் பிள்ளைக்கு இவை இரண்டும் மருந்துச் சீட்டில் எழுத வேண்டிய மருந்துகள்.

பால் ஊறட்டும், பிறகு பார்ப்போம்

நிறைமாதப் பிள்ளை மார்பைச் சப்பும்போது, பால் வேண்டும் என்ற செய்தி தாயின் உடம்புக்குப் போகிறது. குறைமாதப் பிள்ளைக்குச் சப்பவும் விழுங்கவும் மூச்செடுக்கவும் ஒழுங்காகச் சேர்ந்து வருவது ஏறக்குறைய 34 கிழமையில்தான். அதுவரைக்கும் அந்தச் செய்தியைத் தாயின் கைதான் அனுப்ப வேண்டும். முடிந்தால் பிரசவமாகி ஒரு மணித்தியாலத்துக்குள் கறக்கத் தொடங்குங்கள். பிந்தினாலும் 6 மணித்தியாலத்தைத் தாண்ட விடாதீர்கள். சிசேரியன் என்றாலும் இதேதான். படுத்தபடியே தாதியோ கூட நிற்கிற அம்மாவோ உதவிசெய்து கறக்கலாம்.

அதற்குப் பிறகு 24 மணித்தியாலத்துக்கு 8 முதல் 12 தடவை. மணிக்கூட்டைப் பார்த்துச் சரிசமமாகப் பிரிக்கத் தேவையில்லை, ஆனால் 5 மணித்தியாலத்துக்கு மேல் இடைவெளி விடக்கூடாது. இரவு 1 மணிக்கும் 5 மணிக்கும் இடையில் ஒரு தடவை கட்டாயம் கறக்க வேண்டும், ஏனென்றால் பால் சுரக்கவைக்கும் ஓமோன் இரவில்தான் கூட. 'பிள்ளை பக்கத்தில் இல்லைத்தானே, இரவிலாவது நித்திரை கொள்ளட்டும்' என்று பாசத்தில் எழுப்பாமல் விடுகிறார்கள். பத்தாம் நாள் பால் வற்றுகிறது என்று அழுகிற தாய்மாரில் பலருக்கு வற்றல் தொடங்கியது அந்த இரவுகளில்தான்.

முதல் இரண்டு மூன்று நாள் பம்ப் வேண்டாம், கையே போதும். சீம்பால் பிசுபிசுப்பானது, நாலு துளி பம்பின் குழாயிலேயே ஒட்டிப் போய்விடும். பெருவிரலை மேலேயும் மற்ற விரல்களைக் கீழேயும், காம்பிலிருந்து 2, 3 சென்ரிமீற்றர் பின்னால் வையுங்கள். முதலில் நெஞ்சுப் பக்கம் அமர்த்தி, பிறகு விரல்களைச் சேர்த்து நெரித்து விடுங்கள். தோலில் விரல் வழுக்கிக்கொண்டு போனால் முறை பிழை, அது நோகும், பாலும் வராது. வருகிற துளியைச் சிரிஞ்சில் அல்லது அவித்த சின்னக் கப்பில் ஏந்துங்கள்.

முதல் நாள் ஒரு தடவைக்கு அரை மில்லிலீற்றர்தான் வந்ததென்று கூச்சப்பட்டுக் கொட்டிவிடுகிற தாய்மார் உண்டு. கொட்டாதீர்கள். உள்ளே பிள்ளைக்கு மூக்குக் குழாயால் கொடுப்பதே ஒரு தடவைக்கு 1 அல்லது 2 மில்லிலீற்றராக இருக்கும். குழாயில் பால் தொடங்காத பிள்ளைக்குக்கூட, டொக்டர் சொன்னால், கன்னத்தின் உட்பக்கம் 0.1 மில்லிலீற்றர் சீம்பால் தடவுவார்கள். இரண்டு கிழமை முடிகிறபோது ஒரு நாளைக்கு 500 மில்லிலீற்றர் அளவுக்குப் பால் வரவேண்டும் என்பதே இலக்கு. பத்தாம் நாளில் 350க்குக் கீழே நின்றால் தாமதிக்காமல் தாதியிடம் சொல்லுங்கள். தாய்ப்பாலூட்டல் முகாமைத்துவ நிலையம் உள்ள ஆஸ்பத்திரியில் அங்கேயே போய் இருந்து கறந்து காட்டலாம்.

இதற்கிடையில் வீட்டுப் பெரியவர்கள் பால்மா டின்னோடு வந்து நிற்பார்கள். 'பிள்ளை பசியில் கிடக்குது' என்ற தவிப்பு நியாயமானது. ஆனால் குறைமாதக் குடலின் சுவர் மெல்லியது. மாப்பால் போகும்போது அந்தக் குடல் வீங்கி அழுகிற கடும் நோய் வருகிற ஆபத்துக் கூடுகிறது. தாய்ப்பால் அந்த ஆபத்தைக் குறைக்கிறது. தாய்ப்பால் போதாத இடத்தில் வேறு என்ன கொடுப்பது, தாய்ப்பாலோடு சத்துத் தூள் சேர்ப்பதா என்பதெல்லாம் டொக்டர் கணக்குப் பார்த்து எடுக்கிற முடிவு. சீனித்தண்ணி, தேன், பேரீச்சம்பழச் சாறு, கோரோசனை எதையும் நாக்கில் தொட்டுவைக்க வேண்டாம். தேனை ஒரு வயது வரைக்கும் எந்தப் பிள்ளைக்கும் கொடுக்கக்கூடாது. பிறந்த பிள்ளைக்கு வாயில் இனிப்புத் தொடுவது உங்கள் வீட்டு வழக்கமென்றால், அதைப் பிற்போடுவதைப் பற்றிப் பெரியவர்களோடு முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

தாயின் பத்தியத்திலும் கவனம் வேண்டும். சரக்குக் கறி, சுறா வறை, முருங்கையிலை எல்லாம் நல்லது. ஆனால் 'தண்ணி குடித்தால் வயிறு ஊதும்' என்று நாளைக்கு இரண்டு கப்போடு நிறுத்துவது, அதுவும் கச்சான் காற்று அடிக்கிற ஆனி ஆடியில், தாயை வாட்டிப்போடும். தாகம் தீரத் தீரக் குடிக்க வேண்டும், மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிட வேண்டும்.

பஸ்ஸில் வருகிற பால்

பிள்ளையை விட்டுத் தாய் முதலில் துண்டு வெட்டி வீட்டுக்குப் போகிறபோது பால் பயணம் செய்யத் தொடங்குகிறது. புல்மோட்டையிலிருந்தும் வெருகலிலிருந்தும் திருகோணமலை டவுனுக்கு வர ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். புத்தகங்கள் வெளியில் 4 மணித்தியாலம் வைக்கலாம் என்று சொல்வது 25 பாகை குளிரான அறைக்கு. எங்கள் ஊர் வெயிலுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. கறந்த கையோடு குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். கதவுத் தட்டில் வைக்க வேண்டாம், திறக்கத் திறக்க அங்கே சூடேறும். பின்சுவரோடு சேர்த்து வையுங்கள். ஆஸ்பத்திரியில் இருக்கிற குறைமாதப் பிள்ளைக்குக் கொடுக்கும் பாலை 48 மணித்தியாலத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும்.

கொண்டுவர ஐஸ் கட்டி வைத்த சின்ன ரெஜிபோம் பெட்டி போதும். மூடியை ரேப் ஒட்டி அடைத்து, பஸ்ஸில் என்ஜின் மூடிக்குப் பக்கத்தில் வைக்காமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு போத்தலிலும் தாயின் பெயர், பிள்ளையின் பெட் ஹெட் டிக்கட் இலக்கம், திகதி, கறந்த நேரம் நாலும் இருக்க வேண்டும். வியர்த்து ஈரமான போத்தலில் பேனை மை அழிந்துவிடும், ஆகவே பிளாஸ்ரர் ஒட்டி அதன் மேல் எழுதுங்கள். பெயர் அழிந்த பாலை யாருடையது என்று தெரியாமல் ஊற்றிவிட வேண்டிவரும். சூடான புதுப் பாலைக் குளிர்ந்த பாலோடு நேரே கலக்காதீர்கள்; அதையும் குளிரவைத்த பிறகே சேர்க்கலாம். பாலை அடுப்பில் காய்ச்சுவதும் மைக்ரோவேவில் வைப்பதும் கூடாது.

கை, கயிறு, கைபேசி

சவர்க்காரம் போட்டு 40 முதல் 60 விநாடி, முழங்கை வரைக்கும். இது எல்லோருக்கும் தெரியும். பிழை வருவது கையில் கிடக்கிற சாமான்களால். மோதிரம், வளையல், மணிக்கூட்டோடு கழுவினால் அவற்றின் கீழே அழுக்கு அப்படியே நிற்கும். பத்திரகாளி அம்மன் கோயிலிலோ பள்ளியிலோ ஓதிக் கட்டிய கயிறு இன்னும் மோசம். நனைந்த நூல் மணிக்கணக்காய்க் காயாது. அந்தக் கயிற்றை மணிக்கட்டில் கட்டாமல் புயத்தில், சட்டைக் கைக்கு உள்ளே கட்டிக்கொள்ளலாம். பிள்ளைக்கும் பஞ்சாயுதம், அச்சுரக்கூடு, கறுப்பு நூல் எதுவும் பெட்டிக்குள் வேண்டாம். கை கழுவிய பிறகு கைபேசியைத் தொட்டால் திரும்பக் கழுவ வேண்டும். தடிமன், காய்ச்சல், வயிற்றோட்டம் இருக்கிறவர் எவ்வளவு நெருங்கிய சொந்தமானாலும் உள்ளே வரக்கூடாது.

தொடுவதற்குப் பயம், அல்லது தடவித் தடவித் தொடுவது

இரண்டும் பிழை. விரல் நுனியால் மெல்லத் தடவுவது நிறைமாதப் பிள்ளைக்குச் சுகம். 29 கிழமைப் பிள்ளைக்கு அது எறும்பு ஊர்கிற மாதிரி. கையைச் சூடாக்கி, ஒரு கையால் தலையை மூடினாற்போலவும் மற்றக் கையால் மடித்த கால்களை அணைத்தும், அசையாமல் வைத்திருங்கள். விரல்களை விரித்து நீட்டினால், அடுக்கடுக்காய்க் கொட்டாவியோ விக்கலோ வந்தால், நிறம் மாறினால், முகத்தைத் திருப்பினால் 'போதும்' என்று பிள்ளை சொல்கிறது என்று பொருள். அப்போது கையைச் சட்டென்று உருவாமல் மெதுவாய் எடுங்கள். பெட்டியின் மேல் தட்டிக் கூப்பிடுவதும், அதன் மேல் போத்தலை வைப்பதும் உள்ளே பெரிய இடியாய்க் கேட்கும்.

டொக்டர் சரி சொன்ன உடனேயே நெஞ்சோடு நெஞ்சாய் வைக்கும் கங்காரு முறையைத் தொடங்குங்கள். உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொன்னது, பிறந்த கையோடு தொடங்கி ஒரு நாளைக்கு 8 முதல் 24 மணித்தியாலம். இங்கே தாய்மார் செய்வது பெரும்பாலும் பத்து நிமிடம், ஒரு போட்டோ, திரும்பப் பெட்டிக்குள். வெளியே எடுப்பதும் திரும்ப வைப்பதும்தான் பிள்ளையைக் களைப்பாக்குகிற வேலை. ஆகவே வைத்தால் குறைந்தது ஒரு மணித்தியாலம் வைத்திருங்கள். பிள்ளைக்குப் பம்பஸ், தொப்பி, காலுறை மட்டும் போதும். இரண்டு மார்புக்கும் நடுவில், கால்கள் தவளைபோல் மடிந்து விரிந்து, தலை ஒரு பக்கம் திரும்பி, நாடி சற்று நிமிர்ந்து இருக்க வேண்டும். நாடி நெஞ்சில் குத்தினால் மூச்சுக்குழாய் மடிந்துவிடும். கட்டுகிற துணியின் மேல் விளிம்பு காதுக்குக் கீழே வரட்டும். தாய் சாய்ந்து இருக்கவேண்டும், நேரே படுக்கக் கூடாது. தகப்பனும் வைக்கலாம், குளித்து, சென்ற் பூசாமல், சிகரெட் மணம் இல்லாமல் வந்தால் போதும்.

31ஆம் நாள் துடக்குக் கழியும் வரை தாய் வெளிக்கிடக் கூடாது என்று வீட்டில் வைத்திருந்தால் இந்த மருந்தில் ஒரு மாதம் போய்விடும். அந்த ஒரு மாதந்தான் பிள்ளைக்கு அது அதிகம் தேவைப்படுகிற மாதம்.

மொனிற்றரைப் பார்ப்பது

ஒட்சிசன் கொடுக்கிற பிள்ளைக்கு இரத்தத்தில் ஒட்சிசன் அளவை ஏறக்குறைய 90க்கும் 95 வீதத்துக்கும் இடையில் வைப்பார்கள். 'நூறு ஆக்குங்கோ மிஸ்' என்று கேட்காதீர்கள், கூடின ஒட்சிசன் கண்ணில் வளர்கிற இரத்தக் குழாய்களைக் கெடுக்கும். அலாரம் அடித்தால் இலக்கத்தைப் பாராமல் பிள்ளையின் நெஞ்சு ஏறி இறங்குகிறதா, உதடு நிறம் என்ன என்று பாருங்கள். 20 விநாடிக்கு மேல் மூச்சு நின்றால் அது நிசமான நிறுத்தம். தாதி பாதத்தைத் தடவி எழுப்புவார். நிறையும் இப்படித்தான். முதல் நாட்களில் பத்து வீதம் அளவில் குறைந்து, இரண்டு கிழமைக்குள் பிறந்த நிறைக்குத் திரும்பும். பிறகு ஒரு கிலோவுக்கு நாளைக்கு 15 முதல் 20 கிராம் ஏறினால் நல்லது. ஒரு நாள் 10 கிராம் இறங்கியதற்கு அழவேண்டாம். பக்கத்துப் பெட்டிப் பிள்ளையோடு ஒப்பிடவும் வேண்டாம்.

'பாரம் தூக்கினாய், மோட்டார்சைக்கிளில் போனாய்' என்று தாயைக் குற்றம் சொல்வதும் வேண்டாம். பிரஷர், கிருமித்தொற்று, இரட்டைக் கரு, நச்சுக்கொடிப் பிரச்சினை எனக் காரணங்கள் பல. பல சமயம் காரணமே பிடிபடுவதில்லை. இரண்டு கிழமைக்கு மேலும் தாய் அழுதுகொண்டேயிருந்தால், சாப்பிடாமல் நித்திரையில்லாமல் இருந்தால், கணவர் அதை டொக்டரிடம் சொல்ல வேண்டும்.

கண் பரிசோதனையைத் தவறவிடுவது

இந்தப் பட்டியலில் திருத்தவே முடியாமல் போகிற பிழை இதுதான். நாள் குறைந்து பிறந்த பிள்ளையின் விழித்திரையில் இரத்தக் குழாய்கள் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும். அவை தாறுமாறாய் வளர்ந்தால் விழித்திரை பிய்ந்து பார்வை போய்விடும். 32 கிழமைக்கு முன் பிறந்த அல்லது 1500 கிராமுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும், டொக்டர் சொல்கிற மற்றப் பிள்ளைகளுக்கும், பிறந்து நாலாவது கிழமை அளவில் முதல் பரிசோதனை, பிறகு ஒன்றிரண்டு கிழமைக்கொரு தடவை. லேசர் தேவைப்பட்டால் சில நாட்களுக்குள் செய்ய வேண்டும். வெளியில் கண் வடிவாய்த்தான் இருக்கும். 'வெளிச்சத்தைப் பார்க்கிறான்தானே' என்று ஒரு கிளினிக்கை விட்டால் போதும், பார்வை போய்விடலாம். துண்டு வெட்டும்போது அடுத்த திகதியையும் இடத்தையும் எழுதி வாங்குங்கள். வேறு மாவட்டத்துக்குப் போகச் சொன்னாலும் போங்கள். காது பரிசோதனைத் திகதியையும் அதே தாளில் எழுதுவியுங்கள்.

வீட்டுக்கு வந்தபின்

நல்ல நாள் பார்த்துக் கையெழுத்து வைத்துக் கொண்டுவராதீர்கள். சாதாரணத் தொட்டிலில் சூடு நின்று, வாயால் குடித்து, நிறை ஏறி, சில நாளாய் மூச்சு நிற்காமல் இருந்தால்தான் பிள்ளை வீட்டுக்குத் தயார்.

பி.பி.யூவில் பிள்ளையைக் குப்புறப் படுக்கவைத்ததைப் பார்த்து வீட்டிலும் அப்படிச் செய்கிறார்கள். அங்கே மொனிற்றர் இருந்தது. வீட்டில் மல்லாக்க மட்டும், தட்டையான மெத்தையில், தலையணை இல்லாமல். ஏணையில் போட்டால் முதுகு வளைந்து நாடி நெஞ்சில் அமர்ந்துவிடும், கழுத்து உறுதியாகும்வரை ஏணை வேண்டாம். நுளம்புத்திரி, சாம்பிராணிப் புகை இரண்டையும் நிறுத்தி நுளம்பு வலை போடுங்கள். யன்னலைப் பூட்டி நாலு துணி சுற்றாதீர்கள். கமக்கட்டுச் சூடு 36.5க்கும் 37.5க்கும் இடையில் நிற்க வேண்டும். குளிர்ந்தால் நெஞ்சோடு சேருங்கள், கூடினால் ஒரு துணியைக் கழற்றுங்கள்.

அழும்வரை பாலுக்குக் காத்திருக்க வேண்டாம். இந்தப் பிள்ளைகள் பசித்தால் அழாமல் நித்திரையாகிவிடும், 2 முதல் 3 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை எழுப்புங்கள். கப்பால் கொடுப்பதென்றால் பிள்ளையை நிமிர்த்தி, கப்பின் விளிம்பை கீழுதட்டில் தொடவைத்து, தானே நக்கிக் குடிக்க விடுங்கள். வாயில் ஊற்றினால் புரைக்கேறும். இரும்புச்சத்துச் சொட்டை அதற்குரிய துளிக்குழாயால் மட்டும் அளந்து கொடுங்கள்.

30 கிழமையில் பிறந்த பிள்ளை பத்துக் கிழமை முந்தி வந்தது. ஆறு மாதத்தில் அது செய்வது மூன்றரை, நாலு மாதப் பிள்ளையின் வேலைதான். இரண்டு வயதுவரை வளர்ச்சியை இப்படிக் கழித்துப் பாருங்கள். ஆனால் தடுப்பூசிக்குக் கழிக்கக்கூடாது, அது பிறந்த திகதிப்படியே. மிட்வைஃப் மிஸ்ஸிடம் இதைக் கேட்டுப் பதிவேட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

மூச்சு நின்றால், உதடு நீலமானால், விலா உள்ளே இழுத்தால், இரண்டு வேளை தொடர்ந்து பால் எடுக்காவிட்டால், பச்சையாய்ச் சத்தியெடுத்தால், வயிறு புடைத்தால், மலத்தில் இரத்தம் கண்டால், உடம்பு துவண்டால் காலை விடியட்டும் என்று இருக்காதீர்கள். சுவசெரிய 1990க்கு எடுங்கள், ஆம்புலன்ஸுக்குக் காசில்லை. எத்தனை கிழமையில் பிறந்தது, இப்போது நிறை என்ன என்று முதலிலேயே சொல்லுங்கள். மூச்சு நின்ற பிள்ளையின் பாதத்தைத் தடவி எழுப்பிப் பாருங்கள், எழும்பாவிட்டால் 1990இல் பேசுகிறவர் சொல்லச் சொல்லச் செய்யுங்கள். மூச்சு ஒழுங்காய் இருக்கிற பிள்ளையை, வாகனம் வரும்வரையும் வழி முழுக்கவும், துணியால் சுற்றிக் கையில் ஏந்தாமல் உங்கள் நெஞ்சோடு நெஞ்சாய், நாடி நிமிர்ந்து முகம் தெரிய வைத்திருங்கள்.