மூக்குக்குள் சதையா? பீனிசம் என்று முடிவுகட்டாதீர்கள்

மூக்கடைத்தால் திருகோணமலையில் முதலில் வாயில் வருவது ‘பீனிசம்’தான். ஆவி பிடிப்பதும் பார்மசியில் சொட்டு மருந்து வாங்குவதும் அப்புறம் தானாக நடக்கும். இரண்டு பக்கமும் மாறிமாறி அடைத்தால் சரி. ஒரே பக்கம் வாரக்கணக்கில் அடைத்து, அந்தப் பக்கத்தால் இரத்தமும் கசிந்தால் கதை வேறு. அதை வைத்தியரிடம் சொல்லாமல் விடுவதுதான் முதல் பிழை.

டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் பயப்படுபவர்களும் உண்டு. பக்கச் சுவரில் இளஞ்சிவப்பாகத் துருத்தி நிற்பது பெரும்பாலும் எல்லோருக்கும் உள்ள சுருளெலும்புதான், தொட்டால் வலிக்கும். சாதாரணப் பொலிப் (மூக்கின் உட்சவ்வு வீங்கித் தொங்கும் சதை) உரித்த திராட்சை மாதிரி வெளிறியிருக்கும், வலிக்காது, அநேகமாக இருபக்கமும் வரும்.

சிவந்து, மேலே வெள்ளைப் புள்ளிகளோடு, தொட்டாலே இரத்தம் வரும் சதை என்றால் ரைனோஸ்போரிடியோசிஸ் நினைவுக்கு வரவேண்டும். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும்தான் இது அதிகம்; தேங்கிய நீரில் குளிப்பதோடு தொடர்புடைய தொற்று. கந்தளாய்க் குளத்தில் குளிக்கிறவர் அதை வைத்தியரிடம் சொல்லுங்கள். ஆனால் குளத்தில் குளித்தார் என்பதற்காகச் சிவந்த சதையெல்லாம் இதுவென்று தீர்மானிப்பதும் பிழை. கர்ப்பகாலத்தில் வரும் சிறு இரத்தக்குழாய்க் கட்டியும் இப்படித்தான் கசியும். பிள்ளை பிறந்தபின் பலருக்குச் சுருங்கிவிடும்.

ஆபத்தான பிழை, ஸ்கான் எடுக்குமுன் சோதனைக்காகச் சதையைக் கிள்ளி எடுப்பது. பதின்ம வயதுப் பையனுக்கு ஒருபக்க அடைப்பும் அடிக்கடி இரத்தமும் என்றால் அஞ்சியோபைப்ரோமா என்ற இரத்தக்குழாய்கள் நிறைந்த கட்டியாக இருக்கலாம். புற்றுநோய் அல்ல. ஆனால் அதன் இரத்தக்குழாய்களில் சுருங்குவதற்கான தசைப்படை சரியாக இல்லை. கிள்ளினால் இரத்தத்தை நிறுத்துவது பெரும்பாடு. கைக்குழந்தையின் மூக்கில் ‘பொலிப்’ என்றால் இன்னும் கவனம். மண்டையோட்டு இடைவெளியால் மூளைத் திசுவே இறங்கியிருக்கலாம். அழும்போது சிலவேளை பெருக்கும். அதைக் கிள்ளினால் மூளைத் தண்டுவட நீர் ஒழுகும், மூளைக்காய்ச்சலும் வரலாம்.

வெட்டியெடுத்த சதையை ஆய்வுகூடத்துக்கு அனுப்பாமல் விடக்கூடாது. இன்வேர்ட்டட் பாப்பிலோமா என்ற கட்டி பார்வைக்குச் சாதாரணப் பொலிப் மாதிரித்தான். ஆனால் திரும்பத் திரும்ப முளைக்கும், சிலருக்குள் புற்றுநோயும் ஒளிந்திருக்கும். எனவே காயம் ஆறியதும் கிளினிக்கை விட்டுவிடாதீர்கள். அந்த ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கி, கிளினிக் கொப்பியோடு வையுங்கள். பல வருடம் கழித்து மறுபடி அடைத்தாலும் புதிய வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான்.