லைசென்ஸ் வேண்டாத மின்சார ஸ்கூட்டரா? சான்றிதழைக் கேளுங்கள்

"லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ் எதுவும் வேண்டாம்" என்று சொல்லி ஒரு மின்சார ஸ்கூட்டரைக் காட்டினால், முன்பணம் கொடுக்கும் முன் அந்த மாடலுக்கான பரிசோதனைச் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஏனென்றால் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி மோட்டாரின் சக்தி 250 வாட்டுக்குக் கீழே, அதிகபட்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் கீழே என்று இரண்டும் இருந்து, அதை ஏ.ஆர்.ஏ.ஐ., ஐகேட் போன்ற அங்கீகாரம் பெற்ற அமைப்பு சோதித்துச் சான்று தந்திருந்தால்தான், மோட்டார் இருந்தும் அது சட்டப்படி 'மோட்டார் வாகனம்' ஆகாது. நோட்டீஸில் '250 வாட்' என்று அச்சடித்திருப்பது போதாது. சான்று சரியாக இருந்தால் பதிவுச் செலவும் இன்சூரன்ஸ் செலவும் மிச்சம்.

ஆனால் கடைக்காரர் "ஒரு வயரைக் கழற்றினால் 45-ல் போகும் சார்" என்று கண்ணடித்தால் வேண்டாம். வேகம் கூடியதும் அது மோட்டார் வாகனம்தான், அப்புறம் நம்பர் பிளேட் இல்லாமல் ஓட்டிய கணக்காகிவிடும். பெட்ரோல் மொபெட்டுக்கு இந்தச் சலுகை கிடையாது, 50 சிசி வண்டியானாலும் லைசென்ஸ் வேண்டும்.