கிளிஞ்சலை வைத்து மாயா தேதி எழுதுவது எப்படி

பள்ளிக் கண்காட்சிக்கு, மெக்சிகோ பக்கம் அந்தக் காலத்தில் வாழ்ந்த மாயா மக்களின் ராஜாவைப் பற்றி ஏதாவது செய்யணும் என்று என் டியூஷன் பசங்க வந்து நின்றார்கள். தெர்மோகோல் பிரமிடை எல்லோரும் செய்வார்கள், நாம் தேதியைச் செய்வோம் என்றேன். புதுவண்ணாரப்பேட்டை மொட்டைமாடியில் ஒரு சாயங்காலத்தில் முடிந்த வேலை.

ஒரு கைப்பிடி புளியங்கொட்டை, ஐஸ் குச்சி, காசிமேட்டுக் கரையில் பொறுக்கிய மூன்று கிளிஞ்சல், அட்டை, ஃபெவிகால். கொட்டை 1. குச்சி 5. கிளிஞ்சல் சைபர். மாயாக்காரர்களும் புள்ளி, கோடு, சிப்பி என்றுதான் எழுதினார்கள்.

அட்டையில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஐந்து கட்டம் போடுங்கள். அடிக்கட்டம் 1 நாள், அதற்கு மேலே 20, அப்புறம் 360, 7,200, உச்சியில் 1,44,000. எல்லாம் இருபது மடங்காக ஏறும். 20-க்கு மேலே மட்டும் 18 மடங்கு, வருஷக் கணக்கை ஒட்டி வருவதற்காக. அங்கே 400 என்று எழுதாத பையன் என் வகுப்பில் ஒருத்தன்கூட இல்லை.

இப்போது மெக்சிகோவில் உள்ள பலெங்கேயின் ராஜா பாகால். 615-இல், 12 வயதில் பட்டத்துக்கு வந்தவர். அந்த நாள் 9.9.2.4.8. மேலிருந்து வையுங்கள்: 9-க்கு ஒரு குச்சி, நாலு கொட்டை. ஒன்பது கொட்டையாக அடுக்கினால் தப்பு. பெருக்கிக் கூட்டினால் 13,61,608 நாள். எண்ணிக்கை தொடங்குவது கி.மு. 3114 ஆகஸ்டில். நம் பஞ்சாங்கத்துக் கலியுகம் கி.மு. 3102. பார்க்க வருகிற பெரியவர் யாராவது இதைப் பிடித்துக்கொள்வார். சம்பந்தம் கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அடுத்து நாளின் பெயர். நமக்குக் கிழமையும் நட்சத்திரமும் ஒன்றாக ஓடுவதுபோல, அவர்களுக்கு 13 எண்ணும் 20 பெயரும் சேர்ந்து ஓடும். 260 நாளில் ஒரு சுற்று. தொடக்க நாள் 4 அஹாவ். 13,61,608-ஐ 13-ஆல் வகுத்தால் மீதி 1, ஆக எண் 5. 20-ஆல் வகுத்தால் மீதி 8. அஹாவுக்கு அப்புறம் எட்டாவது பெயர் லமாட். 5 லமாட். பலெங்கே கல்வெட்டிலும் அதேதான்.

கிளிஞ்சல் எதற்கு? இன்னொரு அட்டையில் 9.12.0.0.0 வையுங்கள்: 672-ஆம் வருஷம், பாகால் ஆண்டுகொண்டிருந்த காலம். கீழே மூன்று கட்டத்திலும் கிளிஞ்சல். இப்படி 7,200 நாள் முடியும் நாளெல்லாம் அஹாவ் நாளாகத்தான் வரும், 7,200 இருபதால் மீதியின்றி வகுபடுவதால். அஹாவ் என்றால் அவர்கள் மொழியில் ராஜா. காலம் ஒரு சுற்று முடித்து வந்து நிற்பது அவன் பட்டப்பெயரில்! டிக்கால், கோப்பான் என்ற மற்ற மாயா நகரங்களின் ராஜாக்கள் அந்த நாளுக்கென்றே கல்தூண் நட்டதன் காரணம் எனக்கு இந்த வகுத்தலில்தான் புரிந்தது. இதைக் கணக்கு டீச்சரிடம் காட்டுங்கள், வரலாற்று டீச்சரைவிட அவர்தான் அசந்துபோவார்.

கிளிஞ்சலை நன்றாகக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து ஒட்டவும். எங்கள் முதல் அட்டையை நாற்றம் தாங்காமல் வராண்டாவில் வைத்துவிட்டார்கள்.