தரநிலை ஆவணம்: வரிக்கு ஒரு வாக்கியம்

பலர் சேர்ந்து கோப்புகளைத் திருத்தும் தளமான கிட்ஹப்பில் தரநிலை ஆவணம் (ஒரு வேலையைச் செய்யும் முறைக்கான விதிகள்) எழுதும்போது ஒவ்வொரு வாக்கியத்தையும் தனி வரியில் எழுதுங்கள். கிட்ஹப்புக்கு அடியில் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருளான கிட், அவற்றை வரிவரியாகத்தான் ஒப்பிடும். இரணைமடுக் குளத்து நீர்மட்டத்தைப் பதியும் முறைக்கு வரைவு எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். “காலையில் பதியலாம்” என்பதைக் “காலையில் பதிய வேண்டும்” என மாற்றினால், நீண்ட பத்தி முழுவதும் சிவப்பும் (நீக்கியது) பச்சையுமாக (சேர்த்தது) நிற்காது. அந்த ஒரு வரிதான் தெரியும். தரநிலையில் சண்டையே இந்த ‘லாம்’, ‘வேண்டும்’ மேல்தானே! கிளிநொச்சியில் ஒருவரும் மாங்குளத்தில் ஒருவரும் ஒரே பத்தியைத் திருத்தினாலும் இருவர் திருத்தங்களும் ஒன்றோடொன்று மோதுவது குறையும். மார்க்டவுன் (எளிய குறிகளால் வடிவமைக்கும் உரை) கோப்பு பார்வைக்கு வரும்போது வரிகள் தாமாகவே பத்தியாகச் சேர்ந்துவிடும்.

வேர்ட் கோப்புக்கு இது உதவாது. அட்டவணைக்கும் சரிவராது. கிட் பழகாத குளத்து அலுவலர்களிடம் கருத்துக் கேட்பதென்றால், பேசாமல் பிடிஎஃப் அனுப்புங்கள்.